ஹெம்ப் வாங்கும் முன்: பருப்பா, பொடியா, எண்ணெயா, பாலா?

ஹெம்ப் என்ற பெயரில் விற்கப்படும் உணவுகள் எல்லாமே ஒரே விதையிலிருந்து, அதாவது கஞ்சாவின் இனத்தைச் சேர்ந்த ஆனால் போதை தராத ஒரு செடியின் விதையிலிருந்து வருபவை. முழு விதை, தோல் நீக்கிய பருப்பு, பிண்ணாக்கை அரைத்த புரதப் பொடி, எண்ணெய், பால் என்று அந்த விதை ஐந்தாகப் பிரியும்போது சத்தும் கூடவே பிரிந்துவிடுகிறது. நார்ச்சத்தில் பெரும்பகுதி தோலில் இருக்கிறது. கொழுப்பு எண்ணெயோடு போய்விடுகிறது. புரதமும் தாதுக்களும் பிண்ணாக்கில் தங்குகின்றன. ஆகவே ஹெம்ப் உடம்புக்கு நல்லதா என்று கேட்பவரிடம் முதலில், எதற்காக என்று திருப்பிக் கேட்க வேண்டும். புரதத்துக்கா, ஒமேகா-3க்கா, நார்ச்சத்துக்கா, மெக்னீசியத்துக்கா? பதில் மாறினால் வாங்க வேண்டிய பொருளும் மாறும். சில பதில்களுக்கு ஹெம்ப்பே தேவைப்படாது.

குறிப்பான தேவை எதுவும் இல்லாதவருக்குத் தோல் நீக்கிய பருப்பு போதும். மற்ற நான்கையும் ஒரு காரணம் இருந்தால் மட்டும் வாங்கலாம்.

தோல் நீக்கிய பருப்பு

100 கிராம் பருப்பில் ஏறத்தாழ 553 கலோரி, 31.5 கிராம் புரதம், 49 கிராம் கொழுப்பு, 4 கிராம் நார்ச்சத்து இருக்கின்றன. யாரும் ஒரே வேளையில் 100 கிராம் சாப்பிடப் போவதில்லை. வழக்கமான அளவு 3 மேசைக்கரண்டி, அதாவது 30 கிராம். அதில் 166 கலோரியும் 9.5 கிராம் புரதமும் 14.6 கிராம் கொழுப்பும் கிடைக்கும்.

புரதத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இந்தப் பருப்பின் உண்மையான பலம் தாதுக்களில் இருக்கிறது. அதே 30 கிராமில் 210 மில்லிகிராம் மெக்னீசியம் உண்டு. வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 310 முதல் 420 மில்லிகிராம் தேவை என்பதால், பாதித் தேவை மூன்று கரண்டியிலேயே முடிந்துவிடுகிறது. துத்தநாகம் 3 மில்லிகிராம், இரும்பு 2.4 மில்லிகிராம், தயமின் என்னும் பி1 வைட்டமின் ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு.

இந்த எண்களில் ஒரு தள்ளுபடி செய்ய வேண்டும். ஹெம்ப் விதையில் ஃபைட்டிக் அமிலம் அதிகம். அது இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்வதால், அட்டையில் அச்சிட்ட அளவு முழுவதும் ரத்தத்தில் சேர்வதில்லை. எலுமிச்சைச் சாறோ தக்காளியோ வைட்டமின் சி உள்ள வேறு எதுவோ அதே வேளையில் சேர்ந்தால் இரும்பு கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். இதோடு தேநீரோ காபியோ குடித்தால் கிடைப்பதும் குறையும்.

பருப்பில் இல்லாதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 30 கிராமில் நார்ச்சத்து 1.2 கிராம்தான். கால்சியம் 21 மில்லிகிராம், பொருட்படுத்தத் தக்க அளவே அல்ல. பி12 அறவே கிடையாது. மலச்சிக்கலுக்கு என்றோ எலும்புக்கு என்றோ இதை வாங்கினால் ஏமாற்றம்தான்.

இதை ஊறவைக்கவோ வேகவைக்கவோ வேண்டாம். கஞ்சி, சூப், சாலட் எதுவானாலும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு தூவினால் போதும். வறுத்துத்தான் தீர வேண்டும் என்றால் வெறும் வாணலியில் சிறுதீயில் இரண்டு மூன்று நிமிடம் கிளறி, மணம் எழுந்ததும் இறக்கிவிட வேண்டும். நிறம் நன்றாகச் சிவக்கும்வரை விட்டால் கசப்பு ஏறும். ஏறத்தாழ பாதி கொழுப்பு என்று சொல்லத்தக்க அளவுக்கு எண்ணெய் உள்ள பருப்பு இது. அந்தக் கொழுப்பில் பெரும்பகுதி சூட்டைத் தாங்காத வகை.

நல்ல பருப்பு வெண்மையும் இளமஞ்சளுமாக, இடையிடையே பச்சைப் புள்ளிகளோடு இருக்கும். கறுப்புத் துண்டுகள் தெரிந்தால் அவை தோலின் மிச்சம். கொஞ்சம் இருப்பது இயல்பு. அதிகமிருந்தால் பல்லில் நறநறக்கும்.

முழு விதை

இதற்கு ஒரே காரணம் நார்ச்சத்து. முழு விதையின் எடையில் கால் பங்குக்கு மேல் நார், சுமார் 25 சதவீதம் புரதம், 30 முதல் 35 சதவீதம் எண்ணெய். நாரில் பெரும்பாலானது கரையாத வகை. தோல் கடினமானது, மெல்லாமல் விழுங்கினால் விதை அப்படியே வெளியேறிவிடும், உள்ளிருக்கும் சத்தும் அதோடு போகும். மிக்ஸியில் அரைத்தால் சத்து கிடைக்கும், ஆனால் சொரசொரப்பு போகாது. அதைச் சலித்து எடுத்தால் எந்த நாருக்காக வாங்கினோமோ அதையே குப்பையில் கொட்டுகிறோம். பல் பலவீனமானவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முழு விதை ஏற்றதல்ல. முளைகட்டலாம் என்று வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது: உணவுக்காக விற்கப்படும் விதை பல நேரங்களில் முளைக்காதபடி சூடேற்றப்பட்டிருக்கும்.

புரதப் பொடி: அட்டை எண்ணும் உடம்பின் கணக்கும்

எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் பிண்ணாக்கை அரைத்துச் சலித்தால் புரதப் பொடி. எவ்வளவு சலிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் புரதத்தின் அளவு மாறும். பரவலாகக் கிடைப்பது 50 சதவீதப் பொடி. 65, 70 என்று செறிவு கூடியவையும் உண்டு. செறிவு கூடக்கூட நார் குறையும். பொடிப் பெட்டியின் முகப்பை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் ஒரு வேளைக்கான புரதத்தை ஒரு வேளைக்கான எடையால் வகுத்துப் பாருங்கள். 30 கிராமுக்கு 15 கிராம் என்றால் 50 சதவீதம். 30 கிராமுக்கு 9, 10 என்று வந்தால் அது நார் மிகுந்த பொடியாக இருக்கலாம், அல்லது சர்க்கரையோ கோகோவோ வேறு மாவோ கலந்திருக்கலாம். அந்த அளவு புரதத்துக்குப் பருப்பே போதும்.

ஹெம்ப் முழுமையான புரதம் என்று சொல்லப்படுவது பாதி உண்மை. இன்றியமையாத 9 அமினோ அமிலங்களும் இதில் இருக்கின்றன. அவற்றில் லைசின் மட்டும் பற்றாக்குறை. செரிமானத்தையும் அமினோ அமிலச் சமநிலையையும் சேர்த்துக் கணக்கிடும் புரதத் தர மதிப்பெண் ஒன்று உண்டு. அதில் பால் புரதமும் முட்டையும் 1-ஐத் தொடும். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட அளவீட்டில் தோல் நீக்கிய ஹெம்ப் பருப்பு 0.63 முதல் 0.66 வரையும், பிண்ணாக்கு மாவு 0.46 முதல் 0.51 வரையும் பெற்றன. காரணம் லைசின்தான்.

இந்த எண்களை வைத்துப் பெருக்கிப் பார்த்தால் படம் மாறுகிறது. 30 கிராம் பொடியில் 15 கிராம் புரதம், 0.48-ஆல் பெருக்கினால் சுமார் 7.2 கிராம். 30 கிராம் பருப்பில் 9.5 கிராம், 0.64-ஆல் பெருக்கினால் சுமார் 6.1 கிராம். அட்டையில் ஐந்தரை கிராமாகத் தெரிந்த வித்தியாசம் ஒரு கிராமாகச் சுருங்கிவிடுகிறது. கலோரி குறைவு என்பது பொடியின் பக்கம் உள்ள நியாயம். கொழுப்பைக் கட்டுப்படுத்திப் புரதம் மட்டும் வேண்டும் என்பவருக்கு அது பொருந்தும்.

இந்த மதிப்பெண் ஹெம்ப்பை மட்டும் தனியாகத் தின்பவருக்கானது என்பதையும் மறக்கக் கூடாது. பயறு, துவரம்பருப்பு, கடலை வகைகளில் லைசின் நிறைய உண்டு. அவற்றில் குறைவாக இருக்கும் மெத்தியோனினும் சிஸ்டீனும் ஹெம்ப்பில் தாராளம். அன்றைய சாப்பாட்டில் ஒரு கிண்ணம் பயறு இருந்தாலே ஹெம்ப்பின் குறை அடைபடும். பொடியே குடிப்பவர் ஹெம்ப் பொடியையும் பட்டாணிப் புரதப் பொடியையும் சமபங்கு கலந்துகொள்ளலாம். ஒரே வேளையில் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே நாளில் சேர்ந்தால் சரி.

பொடியைக் குடிப்பதில் தொல்லை இருக்கிறது. ஹெம்ப் புரதத்தில் பெரும்பகுதி எடெஸ்டின். அது தண்ணீரில் எளிதில் கரையாது. தோல் துகள்களும் சேர்ந்து கோப்பையின் அடியில் மண் போலப் படியும். பொடியை நேராகத் தண்ணீரில் கொட்டாமல், முதலில் இரண்டு மூன்று கரண்டி நீரில் குழைத்துக் களிம்பாக்கி, பிறகு மீதி நீரை ஊற்றி மிக்ஸியில் ஒரு நிமிடம் அடித்தால் கட்டி வராது. வாழைப்பழமோ ஓட்ஸோ சேர்ந்தால் கெட்டித்தன்மை வந்து துகள் மிதந்து நிற்கும். பச்சையும் பழுப்புமான நிறம், புல் வாடை இரண்டும் போகாது, கோகோ மறைக்கும்.

மாவில் கலப்பதென்றால் கோதுமை மாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ஹெம்ப்பில் பசையம் இல்லாததால் அதற்கு மேல் போனால் ரொட்டி எழும்பாது, ஓரம் விண்டுவிடும். பொடி நீரை உறிஞ்சும் என்பதால் தண்ணீரையும் கொஞ்சம் கூட்ட வேண்டும்; பிசைந்தபின் 15 நிமிடம் விட்டுப் பார்த்துக் கூட்டுவது நல்லது. முதல் நாளே 30 கிராம் எடுத்தால் நாரினால் வயிறு உப்பும். 10 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் கூட்டலாம்.

ரத்த அழுத்தத்துக்கு ஹெம்ப் புரதம் நல்லது என்ற பேச்சுக்குச் சிறிய ஆய்வு ஆதாரம் உண்டு. லேசான உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் அளவில் 6 வாரம் கொடுத்து, பால் புரதமான கேசீனோடு ஒப்பிட்டபோது அழுத்தம் குறைந்தது. அந்த 50 கிராமையும், ஒரு கரண்டிப் பொடியையும் ஒன்றாக நினைத்து மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

எண்ணெய்

பொருட்களிலேயே அதிகப் புகழ் பெற்றதும் அதிகமாகப் பாழாக்கப்படுவதும் இதுதான். ஹெம்ப் எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலிக் அமிலம், அதாவது ஒமேகா-6. ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்னும் ஒமேகா-3 ஏறத்தாழ 17 முதல் 22 சதவீதம். காமா லினோலெனிக் அமிலம் 1 முதல் 4 சதவீதம். இது சாதாரணச் சமையல் எண்ணெய்களில் கிடைக்காதது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரியும் சுமார் இரண்டரை கிராம் ஒமேகா-3-ம் கிடைக்கும். வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம், பெண்ணுக்கு 1.1 கிராம் போதுமென்று அமெரிக்க வழிகாட்டுதல் சொல்வதால் அளவு நிறைவானதே. ஆனால் 30 கிராம் பருப்பிலும் இதே இரண்டரை கிராம் இருக்கிறது. புரதமும் மெக்னீசியமும் கூடவே வருகின்றன. எண்ணெயில் புரதமோ நாரோ தாதுவோ கிடையாது.

ஒமேகா-6-க்கும் ஒமேகா-3-க்கும் 3:1 விகிதம் சிறந்தது என்பது விளம்பரங்களின் முதல் வரி. சமையல் முழுவதும் சூரியகாந்தி போன்ற ஒமேகா-6 மிகுந்த எண்ணெயில் நடக்கும் வீட்டில், இதிலிருந்து ஒரு கரண்டி சேர்ப்பதால் மொத்த விகிதம் பெரிதாக மாறாது. சமையல் எண்ணெயை மாற்றினால்தான் மாறும். இன்னொன்று: தாவர ஒமேகா-3, மீனில் உள்ள ஒமேகா-3 வகைகளில் ஒன்றான இபிஏ ஆக மாறுவது 10 சதவீதத்துக்கும் குறைவு. இன்னொரு வகையான டிஎச்ஏ ஆவது அதனினும் சொற்பம். மீன் சாப்பிடாதவருக்கு டிஎச்ஏ தேவை என்று மருத்துவர் சொல்லியிருந்தால் ஹெம்ப் எண்ணெய் அதற்கு ஈடல்ல. பாசியிலிருந்து எடுத்த டிஎச்ஏ வேறு பொருள்.

தோலுக்கு? 2005-இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வொன்றில், அடோபிக் டெர்மடைட்டிஸ் என்னும் தோல் அழற்சி உள்ளவர்கள் தினம் 30 மில்லிலிட்டர் ஹெம்ப் எண்ணெயை உட்கொண்டபோது, ஆலிவ் எண்ணெய் உட்கொண்ட காலத்தைவிட வறட்சியும் அரிப்பும் குறைந்தன. கலந்துகொண்டவர்கள் சுமார் 20 பேர்தான். 30 மில்லிலிட்டர் என்பது 240 கலோரிக்கு மேல். ரத்தக் கொழுப்பைப் பொறுத்தவரை, 2 கிராம் அளவிலான எண்ணெய் மாத்திரைகளை 12 வாரம் கொடுத்த ஆய்வில் மாற்றம் எதுவும் தென்படவில்லை. மாத்திரை வாங்க நினைப்பவர் இதை நினைவில் வைக்கலாம்.

தாளிக்க, பொரிக்க இது உதவாது. சுமார் 165 டிகிரி செல்சியஸிலேயே புகையத் தொடங்கும். அதற்கு முன்பே கொழுப்பமிலங்கள் சிதையத் தொடங்கியிருக்கும். பச்சை நிறம் பச்சையத்தால் வருவது. வெளிச்சம் பட்டால் அந்தப் பச்சையமே எண்ணெய் கெடுவதைத் துரிதப்படுத்தும். கண்ணாடி ஜன்னலோரம் அழகாக வைத்த தெளிந்த பாட்டிலை வாங்க வேண்டாம். கருநிறப் பாட்டில், பிழிந்த தேதி அச்சிட்டது, சிறிய அளவு. வீட்டில் குளிர்பெட்டியில் வைத்துத் திறந்தபின் 2, 3 மாதங்களுக்குள் தீர்க்க வேண்டும். முதல் நாளே இரண்டு கரண்டி குடித்தால் வயிற்றுப்போக்கு வரலாம். ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள்.

பால்

பெரும்பகுதி தண்ணீர். ஒரு கோப்பையில் 2, 3 கிராம் புரதம். கால்சியம் சேர்க்கப்பட்டதா என்பதை அட்டையில் பார்க்க வேண்டும். சேர்க்காத பாலில் கால்சியம் இல்லை என்றே கொள்ளலாம். வீட்டில் செய்வது எளிது: அரைக் கோப்பைப் பருப்பு, 3 முதல் 4 கோப்பைக் குளிர்ந்த நீர், சிட்டிகை உப்பு, மிக்ஸியில் ஒரு நிமிடம். தோல் நீக்கிய பருப்பானால் வடிகட்ட வேண்டியதில்லை. குளிர்பெட்டியில் 3 நாள் தாங்கும். வைத்தால் பிரிந்து நிற்கும். அது கெட்டதற்கான அறிகுறியல்ல, குலுக்கினால் சேரும். சூடான காபியில் ஊற்றினால் திரிவதற்குக் காரணம், ஹெம்ப் புரதம் காபியின் புளிப்பு நிலையில்தான் எளிதில் திரளும் என்பது. சூடு அதை விரைவுபடுத்துகிறது. பாலை லேசாகச் சூடாக்கிவிட்டுக் காபியை அதில் மெதுவாகச் சேர்த்தால் திரிவது குறையும்.

ஆளி விதையும் சியாவும் பக்கத்தில் இருக்கும்போது

ஹெம்ப்பைத் தனியாகப் பார்த்துத் தீர்மானிப்பது சரியல்ல. 100 கிராமுக்கு ஒமேகா-3: ஆளி விதையில் சுமார் 23 கிராம், சியாவில் 18 கிராம், ஹெம்ப் பருப்பில் 9 கிராம். நார்ச்சத்து: ஆளியில் 27, சியாவில் 34, ஹெம்ப் பருப்பில் 4. கால்சியம்: சியாவில் 630 மில்லிகிராம், ஆளியில் 255, ஹெம்ப்பில் 70. ஒமேகா-3-க்காகவோ வயிறு இளகுவதற்காகவோ தேடுபவர் ஆளியையோ சியாவையோ எடுத்துக்கொள்ளட்டும். ஆளியை அரைத்துச் சாப்பிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. புரதத்தில் ஆளி 18, சியா 16.5, ஹெம்ப் 31.5, மெக்னீசியத்தில் ஹெம்ப் மற்ற இரண்டையும் தாண்டி நிற்கிறது. ஹெம்ப் பருப்பு 2 மேசைக்கரண்டி, அரைத்த ஆளி 1 மேசைக்கரண்டி என்று கலந்துகொண்டால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். என் தேர்வு இந்தக் கலவைதான்; ஐந்து பொருளையும் வாங்கி அடுக்குவதைவிட இது எளிது.

போதை ஏறுமா?

ஏறாது. ஹெம்ப்பும் கஞ்சாவும் ஒரே தாவர இனம் என்றாலும் உணவு ஹெம்ப், போதை தரும் சேர்மமான டிஎச்சி மிகக் குறைந்த வகைகளிலிருந்து வருகிறது. விதைக்குள் டிஎச்சி உற்பத்தியாவதில்லை. விதையைச் சுற்றியுள்ள இலைகளின் பிசின் தோலில் ஒட்டிக்கொள்வதால்தான் தடயம் வருகிறது. தோல் நீக்கினால் அதில் பெரும்பங்கு போய்விடும். டிஎச்சி கொழுப்பில் கரையும் என்பதால் பிழியும்போது எண்ணெயில் சேரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்சவரம்பே இதைக் காட்டுகிறது: விதைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம், எண்ணெய்க்கு 7.5 மில்லிகிராம். அந்த உச்சத்தைத் தொட்ட எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி எடுத்தாலும் 0.1 மில்லிகிராம் அளவுதான் சேரும். ஆய்வுகளில் விளைவு தெரிந்த மிகக் குறைந்த அளவு 2.5 மில்லிகிராம். இந்தச் செடியின் போதை தராத சேர்மமான சிபிடி வேண்டி விதை எண்ணெய் வாங்குவதும் வீண். அது பூவிலும் இலையிலும் இருப்பது.

போதைப்பொருள் பரிசோதனைக்கு உட்படும் விளையாட்டு வீரர்களும் ஓட்டுநர்களும் எண்ணெயைத் தவிர்த்து, டிஎச்சி சோதனை முடிவு வெளியிடப்பட்ட தோல் நீக்கிய பருப்போடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதால் பயணத்தில் எடுத்துச் செல்லும் முன் விசாரிக்க வேண்டும்.

யார் நிறுத்தி யோசிக்க வேண்டும்

சிறுநீரக நோயாளிகள். 30 கிராம் பருப்பில் 500 மில்லிகிராம் பாஸ்பரஸும் 360 மில்லிகிராம் பொட்டாசியமும் இருக்கின்றன. தாவரப் பாஸ்பரஸில் ஒரு பகுதி உறிஞ்சப்படுவதில்லை என்பது ஆறுதல்தான். இருந்தாலும் உணவியலாளரிடம் கணக்குச் சொல்லாமல் தொடங்கக் கூடாது. ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்கள் எண்ணெயைத் தினசரி கரண்டிக் கணக்கில் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஹெம்ப் விதைக்கு ஒவ்வாமை அரிது, ஆனால் கடுமையாகவும் வந்திருக்கிறது. கொட்டை, விதை ஒவ்வாமை உள்ளவர் முதன்முறை கால் தேக்கரண்டியோடு நிறுத்திப் பார்க்கட்டும். எடை குறைக்க முயல்பவருக்கு ஒரு சொல்: பருப்பைச் சாப்பாட்டின் மேல் கூடுதலாகத் தூவினால் நாளுக்கு 166 கலோரி ஏறுகிறது. வேறு எண்ணெயையோ கொட்டையையோ அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும்.

பாதுகாப்பில் முழு விதை மட்டும் பொறுமைசாலி. குளிர்ந்த, இருண்ட, ஈரமில்லாத இடத்தில் மாதக்கணக்கில் இருக்கும். தோல் போன பருப்பும் கொழுப்பு மிச்சமுள்ள பொடியும் திறந்தபின் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, உலர்ந்த கரண்டியால் மட்டும் எடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு ஒருவருக்கு நாளுக்கு 30 கிராம் வீதம் 900 கிராம் ஆகும். அதற்கு மேல் வாங்கினால் உபரியை உறைபெட்டியில் வைக்கலாம், உறைந்த பருப்பை அப்படியே தூவவும் முடியும். சாப்பிடும் முன் ஒரு சிட்டிகையை மென்று பாருங்கள். பெயின்ட் வாடையோ தொண்டையில் கரகரக்கும் கசப்போ தட்டினால் காறிவிட்டது. வறுத்தோ மசாலா போட்டோ மறைக்கப் பார்க்காமல் கொட்டிவிட வேண்டும்.